ஜின் பிடித்த தகடு

மருத்துவச்சி தகிய்யாவின் மொட்டைமாடியில் அன்று மதியம் கூடியிருந்தவர்கள்: கடைக்காரர் முக்பில், ஒரு கையில் கடித்த ரொட்டி. ஆசிரியர் அப்துல்கவி, எதையும் கேள்வி கேட்காத படிப்பாளி. ஸர்ஹான், மனைவி இப்திஸாமுக்கு வலி தொடங்கிவிட்டதால் உட்கார முடியாதவர். ஊரில் பாதி. நடுவில், மெத்தைமேல், சூரியத்தகடுகளிலிருந்து ஜின் ஓட்டும் ஷேக் ஷம்சான். ஜின் வரவில்லை. வந்திருப்பதாக ஷேக் சொன்னார்.

போரில் மின்கம்பிகள் அறுந்த பிறகு எங்கள் சப்ர் மலைச்சரிவில் வீட்டுக்கொரு தகடு, ஒரு பேட்டரி. இரண்டு விளக்கு எரியும், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏறும். விளக்கு மங்கினால் ஷேக் வருவார்.

அவருடைய முறை எளிது. ஓதிய நீரால் தகட்டைக் கழுவுவார். மாதக்கணக்கான தூசி போகும், பேட்டரியோடு இணைத்த பெட்டியில் சார்ஜ் காட்டும் முள் ஏறும். "மாஷா அல்லாஹ்!" என்று கூட்டம் அலறும். பிறகு உள்ளங்கை அகலத் தோல் தாயத்து ஒன்றைத் தகட்டின் நடுவில் ஒட்டுவார். சூரியன் மறைந்த பிறகே ஒட்டவேண்டும் என்பது விதி. மறுநாள் விளக்கு மங்கும். "இது பெரிய ஜின்" என்பார். மறுபடி வந்து, தாயத்தைக் கழற்றிக் கையில் வைத்து ஓதுவார்; முள் ஏறும். மாலையில் மறுபடி ஒட்டுவார். வரும்போதெல்லாம் ஓர் ஆடு. ஜின்னுக்கு நல்ல பசி.

நாங்கள் யாரும் தாயத்தைத் தொடவில்லை. தகட்டுக்கு எங்கள் பேச்சில் லவ்ஹ். குர்ஆன் எழுதிப் படிக்கும் பலகைக்கும் லவ்ஹ்தான். பெயர் ஒன்றானதால் மரியாதையும் ஒன்றாகிவிட்டது. பலகைமேல் ஓதிய எழுத்து இருப்பதுதானே முறை?

"மருத்துவச்சி, உன் லவ்ஹுல இருக்கிறது குடும்ப ஜின்னு," என்றார் ஷேக். "பொண்டாட்டி புள்ளையோட குடியேறிடுச்சு. லவ்ஹையே எங்கிட்ட குடுத்துடு. பள்ளத்தாக்குல விட்டுட்டு வரேன்."

"எதை விடுவீங்க, ஜின்னையா, தகட்டையா?"

"அக்கா, எதிர்த்துப் பேசாதீங்க," என்று ஸர்ஹான் கெஞ்சினார். "அவ கத்துறது இங்க வரைக்கும் கேக்குது."

"பொறக்க ராத்திரி ஆயிடும், தம்பி. கத்துறவளுக்கு வெளிச்சம் வேணும். போன மாசம் இருட்டுல தடவித்தான் தொப்புள்கொடி அறுத்தேன். இன்னொரு தடவை என்னால ஆகாது."

ஷேக் போன தடவை தகட்டில் ஒட்டிவிட்டுப் போன தாயத்தைக் கழற்றி ஓத ஆரம்பித்தார். முள் ஏறியது. கூட்டம் அலறியது.

"நிறுத்தாதீங்க, ஓதிக்கிட்டே இருங்க," என்றாள் தகிய்யா. முக்பிலின் ரொட்டியைப் பிடுங்கி, ஒரு துண்டு கிழித்துத் தாயத்து இருந்த இடத்தில் வைத்தாள்.

முள் விழுந்தது. ஷேக் குரலை உயர்த்தினார். முள் படுத்தே கிடந்தது. ரொட்டியை எடுத்தாள், ஏறியது. வைத்தாள், விழுந்தது.

"ஐயையோ, என் ரொட்டிக்குள்ள ஜின்னு!" என்றார் முக்பில்.

"பாதி உங்க வயித்துக்குள்ள போயிடுச்சே அண்ணே, உங்களுக்கும் ஓதச் சொல்லவா?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு மாடியே சிரித்தது.

"ஓதுறதையா கேலி பண்றே?" என்று ஆசிரியர் எழுந்தார்.

"ஓதுறதை இல்ல வாத்தியாரே, நிழலைச் சொல்றேன். தகட்டுல கட்டம் கட்டமா இருக்கிற இந்தச் சில்லுங்க எல்லாம் வரிசையாக் கை கோத்து நிக்குது. ஒண்ணு கண்ணை மூடினா வரிசையே நின்னுடும்."

"நம்ம ஊர்ல எல்லாருமே மூடிக்கிட்டிருந்தோம்," என்றார் முக்பில்.

"இது... நிழல் ஜின்னு," என்றார் ஷேக், செருப்பைத் தேடியபடி. ஒரு செருப்புதான் கிடைத்தது. அதோடு இறங்கினார். கூட்டம் அவரவர் மாடிக்குத் தாயத்துப் பிய்க்க ஓடியது.

மீதிப் பகல் முழுக்கத் தகடு வெயில் குடித்தது. அந்தி சாயும்போது தகிய்யா பேட்டரியையும் விளக்கையும் சுமந்து ஸர்ஹான் வீட்டுக்கு வந்தாள். விளக்கு பளீரென்று எரிந்தது. வாசலில் ஸர்ஹான் தயங்கித் தயங்கித் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தாயத்தை எடுத்தார்.

"அக்கா, எதுக்கும் இருக்கட்டுமே... விளக்குமேல கட்டிக்கலாமா?"

"உன் மூளைமேல கட்டினதை முதல்ல அவுரு. அதுவும் வெயில் பார்த்து நாளாச்சு."

உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டாள்.