நல்ல சேதிக்கான எழுத்து

தோல் பதனிட ஆவாரம்பட்டை ஊறும் தொட்டியின் நாற்றமும் அச்செழுத்து கழுவும் மண்ணெண்ணெய் வாடையும் ஒன்றாய் மூக்கில் ஏறினால் போதும், ஆம்பூர் அச்சாபீஸின் சாய்மானம் அண்ணன் எதிரில் வந்து நின்றுவிடுவார். ஓர் எழுத்தை அவர் காதலித்ததுபோல் உலகத்தில் எவனும் பெண்ணைக் காதலித்ததில்லை. இதை அவர் மனைவியே என்னிடம் புகாராகச் சொல்லியிருக்கிறாள்.

அவர் ஈய எழுத்துக் கோக்கிறவர். நான் பிழை திருத்துகிறவன். சீமையிலிருந்து வந்த இட்டாலிக் எழுத்து ஒரு பெட்டி அங்கே இருந்தது. காற்றில் சாய்ந்த நாணல் மாதிரி இங்கிலீஷ் எழுத்து. மெல்லிய கோடு, பாதத்தில் நகக்கீற்று அளவுக்கு ஒரு வளைவு. ‘எஃப்’ எழுத்தின் தலை அதன் ஈயக் கட்டையைத் தாண்டி வெளியே நீளும், அழுத்தினால் ஒடியும். அதைப் பிள்ளைத்தாய்ச்சியைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். பார்த்துப் பார்த்தே அவர் கழுத்தும் வலப்பக்கம் சாய்ந்துபோனது. பெயர் வந்த கதை அதுதான்.

கல்யாணக் கார்டு, ஈத் வாழ்த்து, பேர் வைக்கிற அழைப்பு. வேறெதற்கும் பெட்டியைத் திறக்கமாட்டார். ஒரு தோல் வியாபாரி விலைப்பட்டியலுக்குக் கேட்டார்.

“ஆட்டுத்தோலுக்கு எதுக்கு பாய் மல்லிப்பூ?”

“இன்னா மேஸ்திரி, ஜாஸ்தி பேஜார் பண்றே! காசு குடுக்கறது நானு.”

“குடுங்க. நேரா நிக்கிற எழுத்துல போடறேன். ஆடும் நேராத்தான நின்னுச்சு?”

இங்கிலீஷ் தெரியாத ஊருக்கும் ஒன்று தெரிந்துபோயிற்று: எழுத்து சாய்ந்திருந்தால் விருந்து. அவர் லீவில் இருந்தபோது ஒரு வக்கீல் வீட்டுக் கருமாதிப் பத்திரிகையை முதலாளி இட்டாலிக்கில் கோத்துவிட்டார். பித்தளைக் குடத்தோடும் வெற்றிலைத் தட்டோடும் சனம் வந்து இறங்கியது. வக்கீல் எங்கள் முதலாளியைத் தெருத்தெருவாகத் துரத்தினார்.

சிரித்தது அதோடு சரி. தோல் விலை விழுந்த வருஷம், ஒரு தோல்ஷாப்பு மேனேஜர் வந்தார். பாதி ஆட்களை வேலையைவிட்டு நிறுத்துகிற இங்கிலீஷ் நோட்டீஸ், ஆளுக்கு ஒன்று.

“இட்டாலிக்ல போடுங்க. கௌரவமா இருக்கும்.”

கௌரவம் யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. அண்ணன் நேரெழுத்தில் கோத்துவைத்தார். முதலாளி குதித்தார்.

“மாத்திக் கோத்துக் குடு. இல்லன்னா வெளிய போ!”

“சேதி கெட்டதுன்னு பாத்தவொடனே தெரியணும் மொதலாளி. படிக்கத் தெரியாதவங்க கைக்குப் போவுது.”

அண்ணன் வேலையை விட்டுப் போய்விட்டார். முதலாளியே உட்கார்ந்து சாய்வெழுத்தில் கோத்து அடித்துக் கொடுத்தார்.

நோட்டீஸ் கொடுத்த மறுநாள் அண்ணன் தன் சட்டையையும் கூஜாவையும் எடுக்க வந்திருந்தார். சுண்ணாம்பில் வெந்த கைகளில் நோட்டீஸைப் பிடித்துக்கொண்டு தோல்ஷாப்பு ஆட்கள் நாலைந்து பேர் வாசலில் நின்றார்கள். ஒருவன் தலைக்கு எண்ணெய்கூட வைத்திருந்தான்.

“யாரு வூட்டுக் கல்யாணம் மேஸ்திரி? பிரியாணி உண்டா?”

அண்ணன்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னார். எண்ணெய் வைத்தவன் காகிதத்தைக் கசங்காமல் மடித்து மடியில் செருகிக்கொண்டான்.

அண்ணனோடு ஸ்டேஷன் வரை நடந்தேன். அரக்கோணத்தில் ஏதோ வேலை இருக்கிறது என்றார், நான் நம்பவில்லை. வண்டி நகர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“உனக்குக் கல்யாணம்னா ஆள் அனுப்பு தம்பி, நான் வந்து கோக்கறேன். மொதலாளியக் கோக்க வுட்டுறாத.”