எருமைக்கு விழுந்த கைதட்டு

ஒரு காட்டில் ஓர் எருமை இருந்தது.

எருமை என்றதும் உங்களுக்குப் பழைய கணக்கு வாத்தியார் ஞாபகம் வருகிறதா? வரும். அந்தக் காட்டிலும் அப்படித்தான். குட்டி மான் பராக்குப் பார்த்துக்கொண்டு நின்றால் தாய் மான், "ஏன்டி எருமை மாதிரி நிக்கிறே?" என்று அதட்டும். முயல் தூங்கிப் போனால் எருமை. யானை வழியை மறித்துக்கொண்டு நின்றால்கூட, பேர் என்னவோ எருமைக்குத்தான் கெடும். அதற்கு மாசாணம் என்று தாய் வைத்த பெயர் ஒன்று இருந்தது. தாய் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. எருமைத் தோல் தடிப்பு, ஒன்றும் உறைக்காது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உறைத்தது. நன்றாகவே உறைத்தது.

அந்தக் காட்டுக்கு ஒரு கீரி வந்து சேர்ந்தது. சந்தையில் வித்தைக்காரன் ஒருவனின் கூடைக்குள் பல வருஷம் குடியிருந்த கீரி. "இதோ கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப் போறேன்" என்று அவன் காலையில் ஆரம்பிப்பான். பொழுது சாயும்வரை தாயத்துதான் விற்பான். சண்டை ஒருநாளும் நடந்ததில்லை, கூட்டம் ஒருநாளும் கலைந்ததில்லை. கீரி தொழில் கற்றது அங்கேதான்.

வந்ததும் வராததுமாக, குட்டை ஓரத்தில் ஒரு மேட்டைப் பிடித்தது. இலவம்பூவைக் கொட்டி வட்டமாக ஒரு சிவப்புக் கம்பளம் போட்டது. 'யோசனை மேடை' என்று பெயர் வைத்தது. கலை, அறிவியல், கற்பனை என்று யாரும் எதைப் பற்றியும் பேசலாம். கேட்டவர்கள் வீட்டுக்குப் போகும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். கைதட்டு விழுந்தால் அடுத்த கூட்டத்திலும் இடம் உண்டு. விழாவிட்டால் இறங்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டியது.

இதில் ஒரு சிக்கல். நாலு காலையும் தரையில் ஊன்றி நிற்பவர்கள் எப்படிக் கைதட்டுவார்கள்? அந்தக் காட்டில் கைதட்டத் தெரிந்தவை குரங்குகள் மட்டும்தான். ஆகவே எது நல்ல யோசனை, எது வெட்டிப் பேச்சு என்பதைக் குரங்குகளே தீர்மானித்தன. நம் ஊரில் அப்படியெல்லாம் இல்லை.

எருமை தயங்கித் தயங்கிக் கீரியிடம் போய் நின்றது.

"நானும் பேசலாங்களா?"

கீரி மேலும் கீழும் பார்த்தது. "என்ன யோசனை வச்சிருக்கீங்க?"

"கொசு கடிக்குதுங்க."

"அது புலம்பல்ங்க. யோசனை வேணும்."

எருமை கொஞ்ச நேரம் அசைபோட்டது. "கொசு கடிக்கக் கூடாதுங்க."

"இப்ப யோசனை ஆயிடுச்சு," என்றது கீரி. "பொழுது சாயுற நேரத்துல ஒரு இடம் காலியா இருக்கு. எடுத்துக்குங்க."

அந்த நேரத்தை வேறு யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் எல்லாம் காலை நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 'அழகே ஆற்றல்' என்று மயில் பேசியது. 'உன் சொந்த நிறத்தில் வாழ்' என்று பேசிய பச்சோந்தி, பேசி முடிப்பதற்குள் நாலு நிறம் மாறியது. குரங்குகள் கொட்டாவி விட்டுக்கொண்டே மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டின.

எருமையின் முறை வந்தபோது சூரியன் இறங்கியிருந்தது. குட்டையிலிருந்து கொசுக்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பின. எருமை பூவட்டத்தில் ஏறி நின்றது. இன்றைக்கு ஒரே ஒரு தட்டு விழுந்தால் போதும், ஜென்மம் கடைத்தேறிவிடும் என்று அதற்குத் தோன்றியது.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றது.

பட் என்று ஒரு தட்டு.

எருமையால் நம்ப முடியவில்லை. "எங்கம்மா எனக்கு மாசாணம்னு பேரு வச்சாங்க," என்றது. பட், பட். பேச்சு மறந்துபோய் வாயை அசைபோட்டபடி நின்றது. அந்த மௌனத்துக்குத்தான் பலத்த கைதட்டு. சில குரங்குகள் முதுகிலும் தொடையிலும் அறைந்துகொண்டன. யானை கண்ணைத் துடைத்துக்கொண்டது. கண்ணுக்குள் போனது என்ன என்று யாரும் கேட்கவில்லை. "நம்ம கால் தடத்துல தேங்குற தண்ணியிலதான் கொசு முட்டையிடுது. போற போக்குல அதை மண்ணைத் தள்ளி மூடிட்டுப் போங்க," என்று எருமை முடித்தபோது, குரங்குகள் எழுந்து நின்று, குதித்துக் குதித்துத் தட்டின.

அன்று முதல் எருமை 'அவர்' ஆனார். கதை சொல்கிற எனக்கும் வேறு வழியில்லை. மாசாணம் ஐயா நடந்து போனால் முயல்கள் ஒதுங்கி வழிவிட்டன. தாய் மான் தன் குட்டியிடம், "ஐயா மாதிரி நிதானமா யோசிக்கப் பழகு" என்றது. அதைக் கேட்டு அவர் புதருக்குப் பின்னால் போய் அழுதார். சந்தோஷத்தில்தான்.

இத்தனை கைதட்டு வாங்கிய யோசனை தப்பாக இருக்குமா? காடே குழி மூட இறங்கியது. யானைகூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் தன் தடத்தைத் தானே மூடிக்கொண்டு நடந்தது. குட்டையில் மிஞ்சியதை மீன்கள் பார்த்துக்கொண்டன. மழைக்காலம் முடிவதற்குள் காட்டில் கொசு என்ற பேச்சே இல்லை.

அடுத்த கூட்டத்தில் மாசாணம் ஐயாவின் பேச்சுத்தான் பிரதானம். நேரத்தையும் அவரே கேட்டு வாங்கினார், அதே ராசியான அந்திப்பொழுது. பூவட்டத்தில் ஏறி நின்றார். "எல்லாருக்கும் வணக்கம்," என்றார்.

ஒரு சத்தமும் இல்லை.

அம்மாவைப் பற்றிச் சொன்னார். அசைபோட்டுக் காட்டினார். "கொசுவை ஒழிச்சிட்டோம்," என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார். குளுகுளுவென்று காற்று, கடிப்பதற்கு ஒன்றும் இல்லை, குரங்குகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

"எருமை, எவ்வளவு நேரம் பேசுது பாரு," என்றது மயில்.

'அவர்' மறுபடி 'அது' ஆனது. கீரி வந்து, "அடுத்த தடவை வேற புதுசா ஏதாவது கொண்டாங்க," என்று சொல்லிப் பூவைக் கூட்ட ஆரம்பித்தது.

எருமை குட்டை ஓரமாக வந்து நின்றது. எங்கே பிசகியது என்று புரியவில்லை. அப்போது காதோரம் மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அண்ணே, கடிக்க வரலண்ணே. நாலு வார்த்தை பேச வந்தேன்."

ஒரே ஒரு கொசு. வயிற்றுப் பிள்ளைக்காரி.

"அன்னிக்கு விழுந்த தட்டு உங்களுக்கு இல்லண்ணே. எங்களுக்கு. ஒவ்வொரு தட்டும் எங்க வீட்டுல ஒரு எழவு. நான் ஒருத்தி தப்பிச்சேன்."

"ஆனா எல்லாரும் நல்லாத் தூங்குறாங்கல்ல," என்றது எருமை.

"தூங்குறாங்கண்ணே. உங்களை யாராச்சும் நெனைக்கிறாங்களா?"

எருமை குளம்பால் சேற்றைக் கிளறியது.

"எனக்கு ஒரு கால் தடம் போதும்ணே. கொஞ்சம் தண்ணி. உங்களைப் பேச்சாளர் ஆக்குறது எங்க பொறுப்பு."

எருமை தூங்கும் காட்டைப் பார்த்தது. இதெல்லாம் தன்னால் வந்தது என்று அதற்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த நேரத்தில் யாராவது ஒருவர் அதை "மாசாணம்" என்று கூப்பிட்டிருந்தால், இந்தக் கதை நல்ல கதையாக முடிந்திருக்கும். தண்ணீர் குடிக்க வந்தது தாய் மான்.

"எருமை, வழிய விட்டு நில்லு."

எருமை நகர்ந்தது. நகரும்போது முன்காலைத் தூக்கிச் சேற்றில் ஆழமாக ஒரு மிதி மிதித்தது. தடத்தில் தண்ணீர் ஊறியது. "நல்லா இருப்பீங்கண்ணே," என்றது கொசு.

அதற்கடுத்த கூட்டத்துக்கு இடம் போதவில்லை. 'கொசுவும் நானும்' என்பது தலைப்பு. இந்த முறை குழி மூடுவதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. "கொசு வெளியில இல்ல. நம்ம மனசுக்குள்ளதான் இருக்கு. அதை அங்கே ஜெயிங்க," என்றார். குரங்குகள் எழுந்து நின்று, தலைக்கு மேல், காதோரம், முதுகுக்குப் பின்னால் என்று விடாமல் கைதட்டின. யானை மறுபடியும் கண்ணைத் துடைத்துக்கொண்டது. ஒரு குரங்குக்கு இரண்டு நாளாகக் குளிர்காய்ச்சல், அதுவும் படுத்தபடியே தட்டியது. தாய் மான் பேச்சு முடியும்வரை வாலை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, கால் தடங்களைத் தாண்டித் தாண்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போனது.

மாசாணம் ஐயா இப்போது பக்கத்துக் காடுகளுக்கும் பேசப் போகிறார். தனியாகப் போவதில்லை. முதுகில் பத்துப் பேர் ஏறிக்கொள்கிறார்கள். அந்தந்தக் காட்டில் குழி பார்த்து இறங்கிக்கொள்வார்கள்.

நீதி: கொசுவை ஒழிப்பது பற்றிப் பேசுகிறவர் அறிஞர். ஒழித்தே விடுவது எருமை.