கட்டுக்கட சாரின் இரண்டு பெட்டிகள்

தல்லாகுளத்தில் எங்கள் தெருவில் மட்டுமல்ல, வைகைக்கு இந்தப் பக்கம் முழுவதிலுமே கட்டுக்கட சாரைவிட அதிகமாகக் கேட்டவரும் குறைவாகப் பேசியவரும் கிடையாது. தந்தி ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தந்திக் கருவி எழுப்பும் 'கட்டு, கட' சத்தம்தான் அவருக்குப் பெயராகிவிட்டது. ஓய்வுக்குப் பிறகும் அந்தச் சத்தத்தை விட மனம் வராமல் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் எடுத்தார். உலகத்தில் யார் யாரோ மோர்ஸ் குறியீட்டில் தட்டி அனுப்புவதைப் பகலில் உட்கார்ந்து கேட்பார். அவர் ரேடியோப் பெட்டியில் பதில் அனுப்பவும் வசதி உண்டு. ஆனால் அவர் அனுப்பியதில்லை.

"எனக்கே பதில் சொல்லாத மனுசன், ரஷ்யாக்காரனுக்கா சொல்லப் போறாரு?" என்பார் அவர் மனைவி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன்.

அவர்கள் வீட்டை ஒட்டிய போர்ஷனில் நாங்கள் குடியிருந்தோம். நடுவில் ஒரே சுவர். மொட்டைமாடியில் குறுக்கே ஓடிய கம்பி அவருடைய ஏரியல் என்று தெரியாமல், குடிவந்த புதிதில் குழந்தைத் துணிகளை அதில் காயப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் சார் வந்து வாசலில் நின்றார். வந்த விஷயத்தைச் சொல்ல அவருக்கு ஐந்து நிமிடம் ஆயிற்று.

"உங்க பாப்பா துணி ஆஸ்திரேலியாவ மறைக்குதும்மா."

பாப்பாவுக்கு அப்போது நான்கு மாதம். மத்தியானம் ஆனால் அழத் தொடங்குவாள். டாக்டர் ஒன்றுமில்லை என்றார். அழவிடுங்கள் என்று ஒரு பத்திரிகையும், அழவிடாதீர்கள் என்று இன்னொன்றும் எழுதியிருந்ததை நான் வெட்டி வைத்திருந்தேன். இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் நானும் சேர்ந்து அழுததுதான் மிச்சம். ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கம் சாரின் பெட்டி ஓடத் தொடங்கியதும் அழுகை நின்றது. பாப்பா தூங்கிவிட்டாள். மறுநாளும் அப்படியே. தற்செயலாக இருக்குமோ என்று ஒரு வாரம் பார்த்தேன். இல்லை.

அது மிலிட்டரி ஏலத்தில் வந்த பழைய வால்வு பெட்டி. எந்நேரமும் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். அதற்கு நடுவே மோர்ஸ் லேசாக விட்டுவிட்டு ஒலிக்கும். பாப்பாவுக்கு அது தாலாட்டாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சாருக்குச் சிங்கப்பூரிலிருந்து புதுப் பெட்டி வந்தது. இரைச்சலை மொத்தமாக வடிகட்டி, மோர்ஸை மட்டும் சீழ்க்கை போலச் சுத்தமாகக் கொடுக்கும். அது ஓடிய முதல் மத்தியானம் பாப்பா அழுத அழுகையில் எதிர்வீட்டுக்காரர்கள் வந்து விசாரித்தார்கள்.

இரண்டு பெட்டியும் கூடத்தை அடைத்துக்கொள்ளவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒன்று போயாக வேண்டும், இல்லாவிட்டால் தான் போவதாக அக்கா சொல்லிவிட்டார். தோற்ற பெட்டி சமயநல்லூரில் இருக்கும் நண்பருக்கு என்று முடிவானது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க சார் ஒரு பரீட்சை வைத்தார். அவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்காருவார். இன்னொருவர் ஸ்விட்சை இஷ்டம்போல மாற்ற வேண்டும். எந்தப் பெட்டி என்று தெரியாமல் அவர் மார்க் சொல்வார். அதை அந்தந்தப் பெட்டிக்கு நேராக எழுத வேண்டும். அக்கா மறுத்துவிட்டதால் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க படிச்சவங்க. பொய் சொல்ல மாட்டீங்க."

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்விட்சை மாற்றினேன். புதுசுக்கு ஒன்பது சொன்னார். அதைப் பழசுக்கு நேராக எழுதினேன். பழசுக்குச் சொன்ன நாலு, புதுசுக்குப் போனது. இடையில் ஒருமுறை மனசாட்சி உறுத்தியது. சரியாக எழுதிவிடலாமா என்று யோசித்தேன். அதற்குள் பாப்பா சிணுங்கினாள். பத்துத் தடவையும் மாற்றித்தான் எழுதினேன்.

சார் ஹெட்போனைக் கழற்றி, எது ஜெயித்தது என்று கேட்டார். பழசு என்றேன். தாளை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தார். அப்புறம் பாப்பாவைப் பார்த்தார்.

"மார்க் போட்டது நான். எழுதுனது நீங்க. ரெண்டு பேரும் பொய் சொல்ற ஆளு இல்ல. அப்ப பழசுதேன்."

ஞாயிற்றுக்கிழமை சமயநல்லூர் நண்பர் வந்தார். புதுசு தனக்கு என்றதும் அவரால் நம்ப முடியவில்லை. "நெசமாத்தேன் சொல்றீகளாண்ணே?" என்று மூன்று முறை கேட்டார். பரீட்சை வைத்துப் பார்த்தாயிற்று என்று மட்டும் சொல்லி, சார் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். பெட்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றிருந்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒன்று மழை, இன்னொன்று சீழ்க்கை. முதுகைத் திருப்பிக்கொண்டால் மட்டும் எது எது என்று தெரியாமல் போகுமா? அதுவும் அந்தக் காதுக்கு? சுவருக்கு இந்தப் பக்கத்து அழுகையும்தான் அதற்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் உண்மையைச் சொல்லிவிடப் போனேன். சொன்னால் என்ன நினைப்பாரோ, சொல்லாவிட்டால் என்ன நினைப்பாரோ என்று அவர்கள் வாசற்படியில் இரண்டு முறை ஏறி இறங்கினேன். உள்ளே சார் பழைய பெட்டியின் ஸ்பீக்கரை எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்.

"சார், அந்த மார்க்..." என்று ஆரம்பித்தேன்.

"பாப்பா எத்தன மணிக்கு எந்திரிக்கும்? மூணா, மூணரையா?"

"மூணரை, சார்."

"சரி. அது வரைக்கும் ஓடட்டும்."

அந்த வீட்டில் நாங்கள் இருந்தவரை, மத்தியானம் ஒரு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மழை தொடங்கிவிடும். பாப்பா தூங்குவாள். சில நாள் நானும் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போவேன். கதவைத் தாழிட்டோமா என்றுகூட எழுந்து பார்த்ததில்லை.