பாரிஸ் பெரியப்பா

"தலை எங்கேங்க?" என்றாள் பொன்னுத்தாய்.

வீரமலை சட்டம் போட்ட படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினார். படத்தில் கோட்டு போட்ட ஒரு துரை கைகட்டி நின்றார். கழுத்துக்கு மேல் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது.

"அதுதான் தலை. பாரிஸ்ல இதுக்குப் பேரு சர்ரியலிசமாம். புரியாம இருந்தாத்தான் உசத்தின்னு கடைக்கார குத்புதீன் பாய் சொன்னாரு."

"பொண்ணு பாக்க வர்ற அன்னைக்கா?"

"அதுக்குத்தாண்டி! மாப்பிள்ளைக்கு மேல்நாட்டு ஓவியம்னா உசிராம். தரகர் அழகிரியே கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு."

மகள் வள்ளிக்கண்ணுவுக்கு இது நாலாவது இடம். மற்ற மூவரும் காப்பி குடித்துவிட்டு, கடிதம் போடுகிறோம் என்று போனவர்கள். ஸ்ரீரங்கத்தில் வாத்தியாராக இருக்கும் இந்தப் பையனின் போட்டோவை மட்டும் அவள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் பார்த்திருந்தாள்.

வீரமலை வெற்றிலை வாங்கத் தென்னூர் கடைக்குப் போனார். வருகிறவர்கள் பயந்துவிடக் கூடாதே என்று பொன்னுத்தாய், வாசலுக்கு வாங்கிய கதம்பத்தைக் கடிகாரம் மறையும்படி படத்துக்குப் போட்டாள். அவர் திரும்பியபோது, மாப்பிள்ளை வீட்டாரையும் அழகிரியையும் ஏற்றிக்கொண்டு ஜட்காவும் வந்து நின்றது.

ஜீயபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய்மாமன் படத்தைப் பார்த்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

"யாருங்க?"

கும்பிட்ட மனிதரிடம் ஓவியம் என்று எப்படிச் சொல்வது?

"பெரியப்பா" என்றார் வீரமலை.

"தவறி எத்தனை நாளாச்சு?"

"பத்து வருஷம்" என்றார் வீரமலை.

"போன மாசம்" என்றாள் பொன்னுத்தாய் அதே மூச்சில்.

வீரமலை சட்டென்று சமாளித்தார். "போன மாசந்தாங்க. பத்து வருஷமாப் படுக்கையில இருந்தாரு."

தாய்மாமன் சொஜ்ஜித் தட்டைக் கீழே வைத்தார். "துக்க வீடா? தரகர் ஒரு வார்த்தை சொல்லலியே. ஒரு வருஷம் போகட்டுங்க. அப்புறம் பாப்போம்."

அவர் எழுந்தார். குனிந்த தலை நிமிராமல் மாப்பிள்ளையும் எழுந்தார். அவருடைய அம்மா வெள்ளையம்மாள் மட்டும் படத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். காப்பித் தட்டோடு வந்த வள்ளிக்கண்ணு நடையிலேயே நின்றுவிட்டாள்.

மகளின் முகத்தைப் பார்த்தார் வீரமலை. ஒரே தாவாக நாற்காலியில் ஏறி மாலையைப் பிடுங்கினார்.

"பெரியப்பாவும் இல்ல, சாவும் இல்லீங்க! கடையில வாங்கின படம். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்னு அழகிரிதான் சொன்னாரு!"

எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு அழகிரியைப் பார்த்தார்கள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வெள்ளையம்மாள் முதன்முறையாக வாய் திறந்தாள்.

"அப்ப, பொண்ணுக்குப் பிடிக்கும்னு இவரு சொல்லி எம்மவன் இதே மாதிரி ஒரு படத்த வாங்கி வீட்டுல மாட்டியிருக்கானே, அதுக்கு நாலு நாளா நான் விளக்கேத்திக் கும்பிடுறேனே, அது யாருங்க?"