மாமியார் வீட்டு விருந்தும் பஸ் ஸ்டாண்டுப் பரோட்டாவும்

பயப்படுவதற்குக் காரணம் தேடி நான் அலைந்ததே இல்லை. சோறு தின்பதற்குக்கூடப் பயந்திருக்கிறேன்.

எழுபதுகளில் கல்யாணமான புதுசு. முதல் கிறிஸ்மஸ். டவுனில் நல்ல ஹோட்டலுக்கு எங்களைக் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறார் மாமனார். "மொத விருந்துக்கு மாப்பிள்ளைக்குக் கடைச் சோறா?" என்று மாமியார் தடுத்து, முத்தையாபுரம் வீட்டிலேயே சமைத்துவிட்டார். ஒத்தாசைக்கு என் மனைவி எஸ்தர் முந்தின நாளே போய்விட்டாள்.

மாமனார் ஹைஸ்கூல் வாத்தியார். நான் எட்டாவதோடு நின்று, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவன். (மூட்டை தூக்குகிறவன் சாப்பாட்டைச் சொல்லவா வேண்டும்.) படித்த மனிதர் முன்னால் சோற்றை மலையாகக் குவித்துத் தின்றால் என்ன நினைப்பார்? பசியைக் கொஞ்சம் அடக்கிக்கொண்டு போவோம் என்று பஸ் ஸ்டாண்டுக் கடையில் இரண்டு பரோட்டா சாப்பிட்டேன். பஸ் லேட்டானால் மறுபடி பசிக்குமே என்று இன்னும் இரண்டு. அப்புறம் பார்த்தால் சால்னா மிச்சம் இருந்தது.

ஜெபம் முடிந்து எனக்கும் மாமனாருக்கும் இலை போட்டார்கள். தேங்காய்ப்பால் சோறு, ஆட்டுக்கறி, பொரித்த சீலா மீன். நாலு வாயோடு நிறுத்திவிட்டேன். உள்ளே இடமில்லை. என்னைப் பார்த்து மாமனாரும் கையை நிறுத்தினார்.

எங்கள் பக்கம் புது மாப்பிள்ளை சாப்பிடவில்லை என்றால் சீர்வரிசையில் ஏதோ குறை என்று அர்த்தம். (வாயால் கேட்க மாட்டான், வயிற்றால் கேட்பான்.)

"கறி பிடிக்கலியா மாப்பிள்ள?" என்றார் மாமியார்.

"நல்லாருக்கு அத்தை. போதும்."

"ஏளா எஸ்தரு, அவுகளுக்கு என்ன வேணுமாம், கேளு."

எஸ்தர் கேட்கவில்லை. கறிச்சட்டியோடு நின்றவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மாமனார் எழுந்துபோய்க் கையைக் கழுவி, தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் இலைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப எங்களால முடிஞ்சது இதுதான் மாப்பிள்ள. கட்டிக்கிடுங்க."

நான் பதறி எழுந்து, பாடம் ஒப்பிக்கத் தெரியாத பையன் மாதிரிக் கைகட்டி நின்றேன். மாமா என்று கூப்பிட வேண்டியவரை "இல்ல சார்..." என்று ஆரம்பித்தேன். மிச்ச வார்த்தைக்கு முன்னால் பெரிய ஏப்பம் ஒன்று வந்துவிட்டது.

எஸ்தர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எம்மா, சால்னா வாடை அடிக்கு."

"எத்தன பரோட்டா?" என்றார் மாமனார், வகுப்பில் கேட்கிற குரலில்.

"ஆறு சார்."

அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். "உக்காருங்க. மீனையாவது தின்னுங்க."

மாமியார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனார். அழுகிறார் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அதிலிருந்து எந்தப் பண்டிகைக்குப் போனாலும் மாமியார் என்னை வாசலிலேயே மறித்து, "ஊதுங்க மாப்பிள்ள" என்பார். ஊதிக் காட்டினால்தான் உள்ளே விடுவார். அவருக்குப் பிறகு எஸ்தரின் தம்பி அந்த வேலையை எடுத்துக்கொண்டான். தெருவே வேடிக்கை பார்க்கும். பரோட்டா விஷயம் வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும். முத்தையாபுரத்துக்காரர்களைப் பொறுத்தவரை இன்றைக்கும் நான் திருந்தாத குடிகாரன்.