லெஃப்சேயின் கால் தரையில் படாத எட்டு வாரம்

அறுபத்தாறு வயதுக்குள் வெர்ன் ஓல்ஸ்டாட் இரண்டே இரண்டு சபதம் செய்திருந்தார். முதல் சபதம், இனிமேல் இந்த வீட்டில் நாய் கிடையாது என்பது. அதை டிசம்பர் முதல் வாரத்தில் அவர் மனைவி மார்லிஸ் தன் கோட்டுப் பொத்தானைக் கழற்றியே உடைத்துவிட்டாள். உள்ளேயிருந்து எட்டு வாரத்து லாப்ரடார் குட்டி ஒன்று தலையை நீட்டி வெர்னின் மூக்கை நக்கியது. உருளைக்கிழங்கு ரொட்டியின் நிறம். அதனால் அந்த ரொட்டியின் பெயரையே வைத்தார்கள், லெஃப்சே என்று.

இரண்டாவது சபதத்தை அவர் பேப்பரில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். "மூன்றாவது ஊசி போடும்வரை குட்டியின் கால் வெளித்தரையில் படக்கூடாது. இப்படிக்கு, குடும்பத் தலைவர்."

மார்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"யாரு இந்தக் குடும்பத் தலைவர்?"

"நான்தான்."

"எலெக்‌ஷன் எப்ப நடந்துச்சு? எனக்குச் சொல்லவே இல்லியே."

"விளையாடாத மார்லிஸ். வெளில மண்ணெல்லாம் பார்வோ, நாய்க்குட்டிங்களக் கொல்ற கிருமி. கண்ணுக்குத் தெரியாது. பனியிலயும் சாகாது. டாக்டரே சொன்னாங்க."

"கால் தரையில படக்கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"படாது. சத்தியம்."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டபோதே வெர்னுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். மார்லிஸ் இருபத்தெட்டு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். கடைசி சீட்டில் எவன் எவனைக் கிள்ளினான் என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். ஆனால் பயந்தவனுக்குச் சந்தேகப்பட நேரம் ஏது?

பயத்துக்குக் காரணம் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால் டஃபி என்று ஒரு குட்டி. ஒரு நாள் காலையில் சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. பார்வோ. ஐந்தாம் நாள் வெர்ன் மருத்துவமனையிலிருந்து வெறும் கழுத்துப்பட்டையோடு வீடு வந்தார். அந்தப் பட்டை இன்னும் கராஜ் ஆணியில் தொங்குகிறது. அதைக் கழற்ற அவருக்கு மனசு வரவில்லை, பார்க்கவும் தைரியம் வரவில்லை.

லெஃப்சேக்கு முதல் ஊசி போட்ட அன்று டாக்டர் கோசியாக் சொன்னதைக் கேட்டு அவர் பயந்தது உண்மை. ஆனால் அவர் கேட்டது பாதிதான். அதற்குக் காரணம் எங்கள் மினசோட்டா மாநிலத்துப் பழக்கம். இங்கே கிளம்புகிறவர் தொடையைத் தட்டி, "சரி, அப்ப..." என்பார். அது முதல் மணிதான். அதற்குப் பிறகு நாற்காலியில் கால் மணி நேரம், கோட்டை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம், கதவுப்பிடியைப் பிடித்தபடி அரை மணி நேரம் பேச்சு நடக்கும். முக்கியமான சங்கதி எல்லாம் கதவடியில்தான் வெளியே வரும். வெர்னோ முதல் மணி அடித்ததும் வண்டியைச் சூடு பண்ண ஓடிவிடுவார். நாற்பத்தோரு வருஷ தாம்பத்தியத்தில் ஊர் விஷயம் ஒன்றும் அவருக்குத் தெரியாது. வண்டி மட்டும் எப்போதும் கதகதப்பாக இருக்கும்.

அன்றைக்கும் அப்படித்தான். "வேற நாய்ங்க நடமாடுற எடத்துல கீழ விடாதீங்க" என்றார் டாக்டர். மார்லிஸ் தொடையைத் தட்டினாள். வெர்ன் வண்டிக்குப் போய்விட்டார். கேட்ட பாதி அவருக்கு எட்டு வாரத்துக்குத் தாங்கும்.

வீட்டு வாசலில் பிளீச்சிங் தண்ணீர்த் தட்டு வந்தது. வருகிறவர்கள் பூட்ஸோடு அதில் நின்று நூறு வரை எண்ண வேண்டும். தபால்காரப் பெண் இரண்டு நாள் எண்ணிப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாளிலிருந்து தெருவில் நின்றே கடிதங்களை எறிந்தாள். பின்பக்கம் எந்த நாயும் மிதிக்காத மூலையாகப் பார்த்து, தார்ப்பாய் விரித்து, குட்டிக்குத் தனிக் கழிப்பறை. அதன் பக்கத்தில் காக்கை உட்கார்ந்தால்கூட வெர்ன் துடைப்பத்தோடு ஓடினார்.

தினமும் மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டரை வரை அவர் உறைந்த ஏரிக்குப் போவார். பனிக்கட்டியில் துளை போட்டு மீன்பிடிக்கிற கொட்டகை அங்கே இருக்கிறது. திரும்பி வந்ததும் கிருமி வீட்டுக்குள் நுழையக்கூடாதென்று, மைனஸ் இருபது குளிரில், திறந்த கராஜில், உள்ளாடை தவிர அத்தனையும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருவார். எதிர்வீட்டுக்காரர்கள் மூன்றாம் நாளிலிருந்து திரையை மூடிக்கொண்டார்கள்.

"என் சிவப்புக் கட்டம் போட்ட சட்டை எங்க?" என்று கேட்டார் ஒரு நாள்.

"தொவைக்கப் போட்டிருக்கேன்."

"மூணு வாரமாவா?"

"நல்லா அழுக்கா இருந்துச்சு வெர்ன்."

சட்டை போனால் போகட்டும். அவருக்கு வேறு கவலை வந்தது. மாதத்தின் முதல் புதன்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு ஊர் அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். அன்று காற்று பலம், வெர்ன் வீட்டில் இருந்தார். சங்கு அலறியது. வழக்கம் போல அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, காபியை மடியில் கொட்டிக்கொண்டார். லெஃப்சே ஒரு காதைக்கூடத் தூக்கவில்லை.

"மார்லிஸ்! இவளுக்குக் காது கேக்கல!"

சமையலறையில் சீஸ் உறையைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. லெஃப்சே நாலுகால் பாய்ச்சலில் ஓடியது.

"கேக்குதே" என்றாள் மார்லிஸ்.

வெர்ன் நம்பவில்லை. வீட்டை விட்டு வெளியே போகாத குட்டி சங்குக்குப் பயப்பட வேண்டாமா? வாக்குவம் கிளீனருக்கும் பயப்படவில்லை. துடைப்பத்தைத் தரையில் தட்டினால் வாலாட்டுகிறது. இது தைரியமா, இல்லை மந்தமா? மந்தம் பார்வோவின் அறிகுறி என்று எங்கோ படித்த ஞாபகம். அன்று மட்டும் ஆறு தடவை காய்ச்சல் பார்த்தார். லெஃப்சே தெர்மாமீட்டருக்கும் பயப்படவில்லை.

மறுநாள் மீன் கொட்டகையில் பக்கத்து வீட்டு டுவேனிடம் கவலையைக் கொட்டினார்.

"பயப்படாத வெர்ன்" என்றார் டுவேன், தூண்டிலைப் பார்த்தபடி. "நல்ல குட்டி. எங்க கிழட்டு நாயோடகூட எவ்வளவு மரியாதையா..."

"எவ்வளவு மரியாதையா?"

"...இருக்கும்னு சொல்ல வந்தேன். பழகினா."

"பழகவே கூடாது! உன் நாய்க்கு ஊசி போட்டாச்சா?"

"பதினோரு வருஷமா போட்டுட்டிருக்கேன். மார்லிஸ்கூட சர்ட்டிஃபிகேட் கேட்டா... ஐயோ, மீன்! மீன் இழுக்குது!"

மீன் ஒன்றும் இழுக்கவில்லை. வெர்ன் அதையும் கவனிக்கவில்லை. அவர் மனசு பூராவும் குட்டியின் காதில் இருந்தது.

மூன்றாவது ஊசி அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, மூன்றரை மணிக்கு. வெர்ன் ஏரியிலிருந்து வந்து, உள்ளாடையோடு நடுங்கி, கைகழுவி, மூன்று மணிச் சாப்பாட்டைத் தட்டில் போட்டார். லெஃப்சே வந்தது. முகர்ந்து பார்த்தது. திரும்பிக்கொண்டது.

முப்பது வருஷத்துக்கு முந்தைய அதே தட்டு, அதே திரும்பல். வெர்ன் அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து குட்டியை மடியில் வாரிக்கொண்டார்.

"மார்லிஸ்... சாப்பிடல. இவ சாப்பிடல."

மார்லிஸ் ஓடிவந்தாள். அவர் கண்ணில் தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"ஒண்ணும் இல்ல வெர்ன். நான் சொல்றதக் கேளு..."

"டஃபியும் இப்படித்தான். மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. நான் ஒரு நாள் பார்க்கலாம்னு விட்டேன். அந்த ஒரு நாள்தான் மார்லிஸ்..."

"தெரியும்பா. ஆனா இது அது இல்ல. நான் ஒண்ணு உங்கிட்ட சொல்லணும். இன்னிக்கு மத்தியானம்..."

"வண்டியச் சூடு பண்றேன்!" என்று வெர்ன் எழுந்து ஓடிவிட்டார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

வண்டியிலும் அவளால் சொல்ல முடியவில்லை. வழி நெடுக அவர் சத்தமாக ஜெபம் பண்ணிக்கொண்டே ஓட்டினார். சிவப்பு விளக்கில் மட்டும் நிறுத்தினார், ஜெபத்தையல்ல, வண்டியை.

கால்நடை மருத்துவமனைக்குள் அவர் நுழைந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். முகமூடி, ரப்பர் கையுறை, பிளீச்சிங் வாசனை அடிக்கும் துண்டுக்குள் குட்டி. காத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள்.

"லெஃப்சே!" என்று கத்தினாள் கவுண்டரில் இருந்த பெண். "வந்துட்டியா செல்லம்!"

"நேத்துதான பார்த்தோம், அதுக்குள்ள வளந்துட்டா பாரு" என்றார் பூனைக்கூடையோடு உட்கார்ந்திருந்த தீயணைப்பு நிலையத்துக்காரர். "எங்க வண்டியில உக்காந்து சங்கு ஊதினதுல இருந்து இவ எங்க ஆளு."

தபால்காரப் பெண்ணும் அங்கே இருந்தாள். குட்டியின் தாடையைச் சொறிந்துவிட்டு வெர்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவர் யாரு மார்லிஸ்?"

"இவர்தான் வெர்ன்."

"ஓ! பிளீச் வெர்ன்! டிரெஸ்ஸோட பார்த்ததே இல்லியா, அடையாளம் தெரியல."

வெர்ன் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கோட்டைக் கழற்றியிருந்தாள். உள்ளே, அவர் வண்டியைச் சூடு பண்ணிய நேரத்தில், தோளிலிருந்து இடுப்புவரை, தூளி மாதிரி முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது அவருடைய சிவப்புக் கட்டம் போட்ட சட்டை.

அவர் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் கோசியாக் உள்ளே கூப்பிட்டார். குட்டியின் வாயைப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், வயிற்றை அமுக்கினார். வெர்ன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லிடுங்க டாக்டர். எத்தன நாளு?"

"நாளைக்குக் காலைல சாப்பிட்டுடும்" என்றார் டாக்டர். "இது நோய் இல்ல. இது சீஸ். வயிறு மத்தளமா இருக்கு. மார்லிஸ், இன்னிக்கு எங்க கூட்டிட்டுப் போனீங்க?"

"சர்ச் சமையல்கட்டுக்கு" என்றாள் மார்லிஸ், தலையைக் குனிந்து. "சாயங்கால மீன் விருந்துக்கு மாவு கரைச்சிட்டிருந்தாங்க. பதினாலு பேரு. ஆளுக்கு ஒரு துண்டுதான் குடுத்தாங்க. நான்தான் கூட்டிப் பார்க்கல."

ஊசி இறங்கியது. வெர்ன்தான் "ஆ" என்றார். லெஃப்சே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்ப... கால்? தரையில?"

"ஒரு தடவகூடப் படல" என்றாள் மார்லிஸ். "சத்தியம் பண்ணினேன்ல. எட்டு வாரமா நெஞ்சுல கட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். என் முதுகப் பாரு, பஸ் ஓட்டினப்பகூட இப்படி வலிச்சதில்ல."

"நான்தான் சொன்னேன் வெர்ன்" என்றார் டாக்டர். "கிருமி ஒரு ஆபத்துன்னா, பூட்டி வைக்கிறது இன்னொரு ஆபத்து. இந்த வயசுல நாலு மனுஷங்களப் பார்க்காத குட்டி ஆயுசுக்கும் பயந்தே சாகும். கீழ விடாம தூக்கிட்டுப் போய்க் காட்டுங்கன்னு டிசம்பர்லயே சொன்னேனே."

"எப்ப சொன்னீங்க?"

"கதவடியில. நீங்க வண்டியச் சூடு பண்ணப் போயிருந்தீங்க."

கோபப்பட வேண்டும் என்றுதான் வெர்ன் நினைத்தார். அதற்குள் நிம்மதி முந்திக்கொண்டது. குட்டியின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

மார்லிஸ் தொடையைத் தட்டினாள். "சரி, அப்ப..."

வெர்னின் கால் பழக்கத்தில் ஒரு அடி எடுத்து வைத்தது. சட்டென்று நின்றார். சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"இந்தத் தடவ நீ போய் சூடு பண்ணு. நான் கதவடி வரைக்கும் இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் வருவேன். இனிமே என்னை யாரும் ஏமாத்த முடியாது."

"நிஜமாவா வெர்ன்?"

"நிஜமா."

"நிதானமா கேட்டுட்டு வா. அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு மார்லிஸ் லெஃப்சேயைத் தூளியில் போட்டுக்கொண்டு போனாள்.

வெர்ன் ராஜா மாதிரி கதவடியில் நின்றார். நாற்பத்தோரு வருஷ பாக்கியை அரை மணி நேரத்தில் கேட்டார். யார் வீடு விற்கிறார்கள், யாருக்கு முழங்கால் மாற்றினார்கள், டுவேன் மகளுக்கு எப்போது கல்யாணம் எல்லாம் தெரிந்தது. கடைசியில் டாக்டர் ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"குட்டி பழக வேண்டிய நூறு விஷயம். அன்னிக்கு நான் குடுத்த பட்டியல். மார்லிஸ் முடிச்சுக் குடுத்துட்டாங்க, பாருங்க."

வெர்ன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஒன்று, திடீரென்று அலறும் ஆண். முதல் நாளே டிக். இரண்டு, முகமூடி போட்டவர். டிக். மூன்று, கடுமையான வாசனை. டிக். நான்கு, அரைகுறை உடையில் வரும் ஆள். டிக், டிக் என்று இரண்டு. முதல் நான்குக்கும் மார்லிஸ் வீட்டை விட்டு வெளியே போகவே தேவைப்படவில்லை.

"நூறாவதுக்கு மட்டும் டிக் இல்லியே" என்றார் வெர்ன், ஒரு குறை கண்டுபிடித்த சந்தோஷத்தில். "'வீட்டு ஆளை விட்டுவிட்டுக் கிளம்பும்போது பதறாமல் இருப்பது.'"

வெளியே வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. வெர்ன் ஜன்னலுக்கு ஓடினார்.

"நாலரைக்கு அவங்க மீன் பொரிக்க நிக்கணுமாம்" என்றார் டாக்டர், மார்லிஸ் கவுண்டரில் விட்டுப்போன சீட்டோடு பின்னால் வந்து. "சர்ச்சு மூணு தெருதான, உங்கள நடந்து வரச் சொன்னாங்க. வழியில நாலு பேரப் பார்த்துப் பேசிட்டு வரணுமாம். உங்களுக்கும் நல்லதாம்."

சூடான வண்டியின் பின்கண்ணாடியில் லெஃப்சேயின் முகம் தெரிந்தது. அது வெர்னை ஒரு தடவை பார்த்தது. கொட்டாவி விட்டது. முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

டாக்டர் பேனாவை எடுத்து நூறாவதற்கும் டிக் போட்டார்.