பெட்டிக்குள் நாலு குடித்தனம்

என் மருமகளின் அண்ணனும், கடைக் கணினிகளுக்கெல்லாம் மூலகர்த்தாவுமான பொறியாளர் தம்பிக்கு, குழாய்க் கடை மாமா எழுதிக்கொள்வது. இங்கே பின்னறையில் நீங்கள் வைத்துவிட்டுப் போன பெட்டியைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்கள் அவசியம் நலமாக இருக்க வேண்டும். பெட்டியைப் பற்றிக் கேட்க எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஒரே பெட்டிக்குள் நாலு மெய்நிகர் கணினி ஓடும், பில்லுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என்று நீங்கள் சொன்னபோது, ஒரு வீட்டில் நாலு குடித்தனம், தண்ணீர்த் தொட்டி மட்டும் பொது என்று புரிந்துகொண்டேன். வீடு வாடகைக்கு விட்டு அனுபவப்பட்டவன், அப்போதே கொஞ்சம் பயந்தேன். பயந்தபடியே போன மாதம் பில் கணினி படுத்துக்கொண்டது. பிராசசர் நூறு சதவீதம் என்று சிவப்பாகக் காட்டியது. முழு மூச்சாக உழைக்கிறதே என்று முதலில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒரு பிளம்பர் நின்று நின்று பார்த்து, "முதலாளி, பில்லு வர்றதுக்குள்ள பிளாஸ்டிக் குழாயே துருப்பிடிச்சிரும் போல" என்று சொல்லிவிட்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டார்.

கல்லாவில் கூட்டம் சேர்ந்தால் இன்னொரு ஆளைப் போடு. வியாபாரத்தில் நான் படித்த பாடம் அது. உங்கள் தங்கை சாப்பிடப் போன நேரம் பார்த்து பில் கணினிக்குப் பிராசசரைக் கூட்டிக் கொடுத்தேன். உடனே கிடங்குக் கணினி முனகியது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு வைக்கிற ஆளா நான்? அதற்கும் கூட்டினேன். அப்புறம் மற்ற இரண்டு மட்டும் என்ன பாவம் செய்தன? நாலும் சேர்ந்து படுத்துவிட்டன. உங்கள் தங்கை வந்து பார்த்தாள். "மாமா, இந்தப் பெட்டிங்கற கடையில இருக்கறதே எட்டு ஆளு. நாலு கவுன்டருக்கும் ஆறாறு பேருன்னு வாக்குக் குடுத்து வெச்சிருக்கீங்க. வேலை பாக்கறதைவிட ஆளுக்காகக் காத்து நிக்கறதுதான் அதிகமாயிடுச்சு." பழையபடி குறைத்தாள். கொஞ்சம் மூச்சு வந்தது. சிவப்பு மட்டும் போகவில்லை.

பிறகு எந்த நிரல் எவ்வளவு தின்கிறது என்ற பட்டியலைத் திறந்தாள். முதல் வரியைத் தாண்டவில்லை. நாலு கணினியிலும் முதல் வரியில் ஒரே நிரல். "இது யாரு மாமா போட்டது?" நான் குழாய் விலை கேட்க வந்தவரைப் போல நின்றேன். போட்டது நான்தான் தம்பி. நொடிக்கொரு தரம் திரையைப் படம் பிடித்து என் வீட்டு டிவிக்கு அனுப்பும். யார் பில் போடுகிறார், யார் சீட்டு விளையாடுகிறார் என்று சாய்வு நாற்காலியிலிருந்தே பார்க்கலாம். "அப்ப நான் கடையைப் பாத்துக்கறது உங்களுக்குப் போதலையா மாமா?" என்றாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறுநாள், அவள் உங்கள் அலுவலகத்தில் வேலை கேட்டிருக்கிறாள் என்று என் மகன் வந்து சொன்னான்.

அதிலிருந்து யோசனையாகவே இருக்கிறேன். தள்ளுவண்டியில் ஆரம்பித்தவன் நான். தண்ணீர் குடிக்கத் திரும்பினால் ஒரு குழாய் குறையும். கண்ணை எடுக்காமல் இருந்துதான் கடை வந்தது. கடை வளர்ந்தது, கண் இன்னும் தள்ளுவண்டியிலேயே இருக்கிறது. அது தெரிந்தும் சொல்கிறேன், கண்காணிப்பு இருக்கும். பெட்டிதான் சின்னது, பெரிதாக ஒன்று அனுப்புங்கள். உங்கள் தங்கைக்கு மட்டும் அங்கே வேலை கொடுத்துவிடாதீர்கள். அவளைப் போலச் சரக்கு பேசி வாங்க எனக்கே வராது. இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்கள் கைபட்ட கணினிகள் சூடாகாமலும், வீட்டில் ஒருவருக்கொருவர் சூடாகாமலும் நீடு வாழ ஆசிகள்.

இப்படிக்கு,
குழாய்க் கடை மாமா

பின்குறிப்பு: பிழை பார்க்க இந்தக் கடிதத்தை உங்கள் தங்கையிடமே கொடுத்தேன். ஆசிக்கு முந்தின பத்தியை இரண்டு முறை படித்தாள். "அந்த நிரலை எடுத்துடுங்க மாமா, நான் எங்கயும் போகலை" என்றாள். என் கையாலேயே எடுத்தேன். சிவப்பு போய்விட்டது, பெரிய பெட்டி வேண்டாம். காலையிலிருந்து எனக்குத்தான் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. அவள் கேட்ட வேலை இன்னும் காலியாக இருந்தால் சொல்லுங்கள், நான் வருகிறேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அடுத்தவர் வேலையைப் பார்ப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.